சத்தியமங்கலம் வனத்தில் சுண்ணாம்புக் குகை உண்டா? நடந்து போகலாமா?

கேள்வி இதுதான்: "கோபியிலிருந்து நாங்கள் ஐந்து பேர். சத்தி வனத்துக்குள் நடந்து போய்ச் சுண்ணாம்புக்கல் குகையைப் பார்த்துவிட்டு, வழியில் யானை, மான் எல்லாம் பார்த்துத் திரும்ப ஒரு நல்ல தடம் சொல்லுங்கள்." நீங்கள் கேட்பது ஒரு தடம். அதற்குள் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. அப்படி ஒரு குகை இங்கே இருக்கிறதா, வனத்துக்குள் நடக்க விடுவார்களா, நடந்தால் விலங்குகள் கண்ணில் படுமா என்பவை அவை. கொங்குப் பகுதியில் சுண்ணாம்புக்கல் உண்டு, ஆனால் ஆள் நுழைந்து நடக்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான குகை இல்லை. வனத்தில் நடக்கலாம், அனுமதித்த தடத்தில் அனுமதியோடு மட்டும். விலங்குகளைப் பொறுத்தவரை நேரில் பார்ப்பதைவிட அவற்றின் தடயங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். குகையும் வனமும் ஒன்றாக வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் குகை. கோவைக்கு அருகே மதுக்கரையில் 1934இல் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கிருந்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். சங்ககிரியிலும் அப்படியே. நம் தோட்டங்காடுகளில் உழும்போது மேலே வரும் சுக்காங்கல்லும் சுண்ணாம்புதான். அதைக் காளவாயில் சுட்டுத்தான் பழைய வீடுகளைக் கட்டினார்கள். இவ்வளவு சுண்ணாம்பு இருந்தும் குகை ஏன் இல்லை?

மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சமும், இலைமக்கும் வேரும் நிறைந்த மண்ணிலிருந்து நிறையவும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறை இடுக்கில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. இடுக்கு அகன்று வழியாகி, வழி அகன்று அறையாக வேண்டும். அதற்குக் கல் தடிமனாகவும் தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும், தண்ணீர் ஓயாமல் ஓட வேண்டும், நெடுங்காலமும் வேண்டும். நம் பகுதிப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்கு அடியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அதில் சுண்ணாம்புக்கல் பட்டைகள் மடிந்தும் நசுங்கியும், செங்குத்தாக நிறுத்திவைத்த பலகைகள் போல, கரையாத கருங்கல்லுக்கு நடுவே மெல்லியதாக நிற்கின்றன. போதாததற்கு, பழைய சுண்ணாம்புச் சேற்றில் மணலும் களிமண்ணும் கலந்திருந்த இடங்களில் வெப்பம் சேர்ந்து டயாப்சைடு, கார்னெட், உல்லாஸ்டனைட் போன்ற கனிமங்கள் உருவாகிவிட்டன. அவை நீரில் எளிதில் கரைவதில்லை. இதுவரை சொன்னது உறுதியானது. கோவைச் சமவெளியின் குறைந்த மழையும் ஒரு காரணம் என்பது நியாயமான ஊகம். உருமாறிய கல் என்பது மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. ஆந்திரத்தின் போரா குகையும் அப்படி உருமாறிய சுண்ணாம்புக்கல்லில் அமைந்ததுதான். அங்கே கல் பெருந்திரளாகக் கிடைத்தது, கோஸ்தனி ஆறும் கூடவே ஓடியது.

மதுக்கரைப் பக்கப் பாறைகளில் கை நுழையும் பொந்துகளும், கரைந்து அகன்ற விரிசல்களும் இருக்கக்கூடும். அவை குகை ஆகா. "ஆடு மேய்க்கப் போனவர் உள்ளே போனார், மறுபக்கம் வந்தார்" என்று ஊருக்கு ஊர் சொல்லப்படும் பொடவுகளில் பெரும்பாலானவை வேறு வகை. கருங்கல் மலையில் பெரும்பாறைகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நடுவே விட்ட இடைவெளி, அல்லது பாறை வெடித்த பிளவு, அல்லது கீழ்ப்பகுதி உதிர்ந்து மேலே கூரையாக நிற்கும் முழை. கொடைக்கானலில் பேர்போன குணா குகையும் சார்னோகைட் என்ற கருங்கல் வகையின் பிளவுதான். சுண்ணாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. சேலத்தில் சாக் மலை வெள்ளையாகத் தெரிவதால் அதைச் சுண்ணாம்பு மலை என்று நினைப்பவர்கள் உண்டு. அது மேக்னசைட், வேறு கனிமம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம், ஆனால் வனத்துக்குள் வேண்டாம். அங்கே கல்லை உடைப்பதும் எடுப்பதும் குற்றம். உங்கள் தோட்டத்திலோ ரோட்டோரத்திலோ கிடக்கும் கல்லில் செய்யுங்கள். மேல்தோல் நீங்கிய புது முகத்தைப் பேனாக்கத்தியால் அழுத்திக் கீறுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரையான கடின அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கடினம் 3, கத்தி எளிதாகக் கீறும், பொடி உதிரும். வெங்கச்சாங்கல்லின் (குவார்ட்ஸ்) கடினம் 7, கத்தியின் இரும்புதான் கல்லில் கோடாகத் தேயும். உதிர்ந்த பொடியில் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம். மேக்னசைட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் நுரைப்பதில்லை என்றே சொல்லலாம், டோலமைட் பொடியாக்கினால் மட்டும் மெதுவாக நுரைக்கும். இதில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: கருங்கல் முழையின் சுவரில் நீர் வடிந்த வெள்ளைப் படிவும் நுரைக்கும். அந்தப் படிவு சுண்ணாம்பு என்பதால் மலையே சுண்ணாம்பு ஆகிவிடாது. படிவுக்கு உள்ளே இருக்கும் கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "சுண்ணாம்புக் குகை" என்று தேடிக்கொண்டு கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளுக்குப் போகாதீர்கள். வெடி வைத்துத் தளர்ந்த செங்குத்துச் சுவர், மழைக்குப் பிறகு சொல்லாமல் உதிரும். குழியில் தேங்கிய தண்ணீர் தெளிவாக, ஆழம் குறைந்ததுபோலத் தெரியும். ஆனால் கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் பத்து ஆள் ஆழம் இருக்கலாம். ஏறி வர மேடை இருக்காது, நீச்சல் தெரிந்தவரும் களைத்துப்போவார். மதுக்கரை, வாளையாறு பக்கம் யானைகள் கடக்கும் வழியும்கூட.

சரி, இங்கே பார்க்கத் தகுந்த முழைகள் இல்லையா என்றால், இருக்கின்றன, அருமையானவை. ஈரோட்டிலிருந்து கிட்டத்தில் அறச்சலூர் நாகமலையில் தமிழ் பிராமி எழுத்தில் தாளச் சொற்களை வரிசையாக வெட்டிவைத்த இசைக் கல்வெட்டு ஒரு முழையில் இருக்கிறது. கரூர் பக்கம் வேலாயுதம்பாளையத்துக்கு அருகே ஆறுநாட்டார் மலையில், யாற்றூர் செங்காயபன் என்ற துறவிக்குச் சேர இளவரசன் பாழி (கல் படுக்கை) அறுத்துக் கொடுத்ததைச் சொல்லும் புகளூர்க் கல்வெட்டு உண்டு. மூன்று தலைமுறைச் சேரர் பெயர் அதில் வரிசையாக வருகிறது. கோவைக்கு மேற்கே குமிட்டிபதியில் வெள்ளை நிறத்தில் யானை முதலான உருவங்கள் தீட்டிய பாறை ஓவியம் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பக்கூடியவை. எழுத்து மேல் சுண்ணாம்பு, சாக்பீஸ், தண்ணீர் எதுவும் பூசிப் படம் எடுக்காதீர்கள். சாய்வாக விழும் காலை வெயிலோ, பக்கவாட்டில் பிடித்த டார்ச்சோ போதும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும்.

இப்போது வனம். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது; பரப்பு ஏறக்குறைய 1,400 சதுர கிலோமீட்டர். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியும், சரணாலயம் என்பதால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். "லோக்கல் ஆள் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேங்கறார்" என்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை அறிவித்து இணையவழிப் பதிவைத் தொடங்கியது. பெயரும் அடையாள அட்டையும் கொடுத்துப் பதிய வேண்டும், கூட வழிகாட்டி வருவார், பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்தவர். தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்களை மூடிவிடுவது வழக்கம். ஆகவே, நம் பக்கத்துக்கு டிசம்பர், ஜனவரி தான் நடக்க நல்ல மாதங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் பள்ளங்கள் திடீரென்று பெருகும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேல்மலையில் பெய்த மழை அரை மணியில் கீழே வந்துவிடும். தண்ணீர் கலங்கி, குச்சியும் சருகும் மிதந்து வந்தால் அந்தப் பள்ளத்தைக் கடக்காதீர்கள். வடியும் வரை கரையில் உட்காருங்கள்.

எதைப் பார்ப்பீர்கள்? மாயாற்றுப் பள்ளத்தாக்கு தனி உலகம். மலை இரண்டு பக்கமும் நிற்க, நடுவே வறண்ட முட்புதர். அங்கே வெளிமான் கூட்டம், நாற்கொம்பு மான், கழுதைப்புலி, ஆற்றோர நீர்மருதுகளில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு (பிணந்தின்னிக் கழுகு), எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில். ஈரக்காட்டு விலங்குகள் வேண்டுமென்றால் ஆனைமலைப் பக்கம் போக வேண்டும்: வால்பாறையில் சோலைமந்தி, புல்வெளி உச்சிகளில் வரையாடு, பெரிய மரங்களில் இருவாச்சி. சத்தியில் யானை, காட்டெருமை, செந்நாய், சிறுத்தை, புலி, கரடி எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் நடந்து போகிறவருக்குப் பகலில் புலி தெரிவது அபூர்வம். யானை தெரியாமல் இருப்பதுதான் நல்லது. அதனால் தடயம் படிக்கப் பழகுங்கள். யானை லத்தி பளபளப்பாக, ஈரமாக, ஆவி வந்தால் அது பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே காய்ந்து, உடைத்தால் உள்ளும் சூடில்லை, வண்டு துளைத்திருக்கிறது என்றால் நேற்றோ அதற்கு முன்போ போனது. மூங்கில் படபடவென்று உடையும் சத்தம், வயிறு உறுமுவது போன்ற தாழ்ந்த ஒலி, தொழுவ வாடை, இந்த மூன்றில் ஒன்று வந்தாலே வழிகாட்டி கை காட்டாமல் நகராதீர்கள். வேப்பிலையோ மண்ணோ தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, நம் வாடை யானைக்குப் போகாத பக்கமாகவே ஒதுங்குவார்கள்.

யானை துரத்தினால் வளைந்து வளைந்து ஓடு, இறக்கத்தில் ஓடு என்றெல்லாம் சொல்வார்கள். இதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இறக்கத்திலும் யானை வேகமாக வரும். உறுதியாகச் சொல்லக்கூடியது தூரம் ஒன்றைத்தான்: நூறு மீட்டருக்குக் குறையாமல் விலகி நிற்பதும், குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போகாததும். கரடி விஷயம் வேறு. பாறைப் பொடவுகளில் பகலில் படுத்திருக்கும். கண் மங்கல், மூக்கு கூர்மை. திடீரென்று காலடியில் ஆள் வந்தால் தப்பி ஓடாமல் பாய்ந்துவிடும், முகத்தைத்தான் பிடிக்கும். அதனால் யானை இருக்கும் இடத்தில் வாயை மூடி நடக்க வேண்டும், பாறை வளைவு வரும்போது கொஞ்சம் பேசிக்கொண்டு நடக்க வேண்டும். எங்கே எது என்பதை வழிகாட்டிதான் முடிவு செய்வார். இதனால்தான் முழையைக் கண்டதும் உள்ளே டார்ச் அடித்து எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடச் சொல்கிறேன். கூரைப் பாறையின் அடியில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். இருந்தால் சென்ட் பூசியவர், புகை பிடிப்பவர், ட்ரோன் வைத்திருப்பவர் எல்லோரும் அங்கேயே நிற்க வேண்டும். ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கே மற்றவை வரும். முகத்தைத் துணியால் மூடி நிற்காமல் ஓடுங்கள், தண்ணீரில் குதிக்காதீர்கள், அவை மேலேயே காத்திருக்கும். கொடுக்கை நேரம் கடத்தாமல் நகத்தால் சுரண்டி எடுங்கள்.

உடைக்கும் சுமைக்கும் அதிக யோசனை வேண்டாம்: மங்கிய பச்சை அல்லது காக்கி, முழுக்கை, கணுக்கால் மூடும் பூட்ஸ், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். காலை ஏழு மணிக்குள் கிளம்பி மூன்று மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். புதரில் உட்காரும்போது பாயைப் போடுங்கள். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, இடுப்பிலோ அக்குளிலோ கறுத்த பொருக்கு தெரிந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். வனத்துக்குள் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகும். பாம்பு கடித்தால் கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

இனி, நிஜமான சுண்ணாம்புக் குகை. ஆலப்புழை–தன்பாத் விரைவு வண்டி கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாக விசாகப்பட்டினம் பக்கம் போகிறது. விசாகப்பட்டினத்திலிருந்து சத்தீஸ்கரின் கிரந்துல் போகும் வண்டியில் ஏறினால் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குள் போரா குகாலு என்ற நிலையத்திலேயே இறங்கலாம். போரா குகை சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படி கட்டி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் தடவைக்கும் பெரியவர்களுக்கும் அதுவே போதும். அதே ரயில் பாதையில் தொடர்ந்து போனால் ஜகதல்பூர் வரும். அங்கேதான் நீங்கள் கேட்டது முழுசாகக் கிடைக்கும்: காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. 1982இல் அறிவிக்கப்பட்டது, 200 சதுர கிலோமீட்டர். நம் தேக்கும் வடக்கின் சால் மரமும் சந்திக்கும் காடு. சத்தீஸ்கரின் மாநிலப் பறவையான மலை மைனா அங்கே உண்டு. உள்ளே குடும்சர் குகை. குறுகிய வாயில், செங்குத்தாக இறங்கும் படி, பிறகு இருட்டு. உள்ளே நிரந்தர விளக்கு இல்லை, உள்ளூர் வழிகாட்டி விளக்கோடு வருவார். குகை ஓடையில் இருக்கும் சிறு மீன், வெளியே வாழும் அதே இனத்தைச் சேர்ந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக இருட்டில் இருந்து நிறம் வெளுத்துக் கண் சிறுத்துவிட்டது.

இந்தக் குகையையும் அதன் மேலுள்ள வனத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. மேலே மண்ணும் வேரும் நீருக்கு அமிலம் கொடுப்பதால்தான் கீழே கல் கரைகிறது, அந்த நீர் குகைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடை இழக்கும்போதுதான் கூரையில் சொட்டும் தரையில் தூணும் வளர்கின்றன. மழை வெள்ளம் கொண்டுவரும் சருகும், வௌவால் விட்ட எச்சமும்தான் உள்ளே இருக்கும் பூச்சிக்கும் மீனுக்கும் சாப்பாடு. மேலே மரத்தை வெட்டினால் கீழே குகையும் பாதிக்கும். அதனால் குகைக்குள் பின்பற்ற வேண்டியவற்றைச் சடங்காக நினைக்காதீர்கள். சொட்டுத் தூணைத் தொட்டால் கை எண்ணெய் ஒட்டி அந்த இடத்தில் படிவு நின்று கறுத்துவிடும். ஒரு சென்டிமீட்டர் வளர நூறு ஆண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வௌவால்மேல் நேராக விளக்கடிக்காதீர்கள், குட்டி சுமந்திருக்கும் தாய் பதறிப் பறந்தால் குட்டி தவறி விழும். எச்சம் குவிந்த இடத்தில் காலால் கிளறாதீர்கள். அதில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையின் வித்து மூச்சில் போனால் நுரையீரல் தொற்று வரலாம். என்95 முகக்கவசம் போடுங்கள், ஆஸ்துமா உள்ளவர் வெளியிலேயே இருந்துவிடட்டும். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, பையில் இன்னொன்று, மாற்று பேட்டரி, போன் டார்ச்சை நம்ப வேண்டாம். ஐந்து பேரில் ஒருவர் வெளியே இருந்து, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் உள்ள பேலம் குகையையும் பலர் சொல்வார்கள். நீளம் 3,229 மீட்டர். கல் கிடைமட்டமாக அடுக்கடுக்காகப் படுத்திருப்பதால் வழியும் நடக்கச் சுலபம். 1884இல் அதைப் பதிவு செய்த ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட், நம் ஏற்காட்டில் வாழ்ந்தவர். ஆனால் அங்கே வனம் இல்லை, கரிசல்காடுதான். உள்ளே வெக்கையும் புழுக்கமும் அதிகம். குகைக்காகவே போகிறவர்களுக்கு நல்லது, உங்கள் ஆசைக்குப் பாதிதான் பொருந்தும்.

காங்கேருக்குப் போவதென்றால் நவம்பர் முதல் மே வரை வைத்துக்கொள்ளுங்கள். மழையில் குகை நிறைந்துவிடுவதால் பூட்டிவிடுவார்கள், மழை நின்ற பின்னும் உள்ளே நீர் வடிந்தால்தான் திறப்பார்கள். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஜகதல்பூர் வனத்துறை அலுவலகத்தில் திறந்தாயிற்றா என்று கேட்டுவிடுங்கள். ரயில் நேரங்களையும் அப்போதே சரிபாருங்கள். கிரந்துல் வண்டி மழைக்காலத்தில் மலைச்சரிவால் இடையிலேயே நிற்பதுண்டு.